மலைமேல் நிற்கும் குதிரை

டயாலிசிஸ் அறையின் சன்னலில் மதிய வெயில் அசையாமல் நிற்கிறது. அடுத்தடுத்த கட்டில்களில் லாரி டிரைவரும் தையல்காரம்மாவும் படுத்திருக்கிறார்கள். இருவருக்கும் இடக்கையில் ஊசி, வலக்கையில் செல்போன். இரத்தத்தை இழுத்துச் சுற்றும் இயந்திரங்கள் ஓயாமல் முனகுகின்றன. "நீங்க சொன்ன குதிரை கேம்தான் ஆடுறேண்ணே. மலை ஏறினா நிஜமாவே குளிருது. உங்க குதிரை கடலுக்குப் போயிருச்சா?" என்கிறாள் தையல்காரம்மா. "போகல. மலைமேலயே நிறுத்தி வச்சிருக்கேன்." "ஏண்ணே? இறங்கினா கடல்தானே?" "கடல் வந்தா கேம் முடிஞ்சிரும்மா. அப்புறம் இந்தக் கட்டில்தான்." "எங்க, காட்டுங்க" என்று அவள் அவர் பக்கம் திரும்புகிறாள். குழாய் இழுபட்டு இயந்திரம் அலறுகிறது. "கையை அசைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" நர்ஸ் ஓடிவந்து அவளை நேராகப் படுக்கவைக்கிறாள். டிரைவர் தன் செல்போனை அவள் பக்கம் எட்டிய மட்டும் நீட்டிப் பிடிக்கிறார்.