தடம் விடாத படகு
நார்வேயின் பெர்கன் நகரத்து ஞாயிற்றுக்கிழமை மழை ஜன்னலில் வழிகிறது. தூர்லைஃப் கணினித் திரையையே வெறித்துக்கொண்டிருக்கிறார். தட்டில் வாஃபிள் ஆறிப்போகிறது. பொழுதுபோக்காகப் பைத்தான் நிரல்மொழியில் அவர் திரையில் நகரும்படி வரைந்த படகு, போகிற வழியெல்லாம் தன் உருவத்தையே ஈஷிக்கொண்டு போனது. நேற்று இரண்டு இணைய மன்றங்களில் உதவி கேட்டார். ஒன்றில் காலையிலேயே விடை கிடைத்துவிட்டது: ஒவ்வொரு முறை வரைவதற்கு முன்பும் திரையைத் துடைக்க வேண்டும். ஒரே வரிதான்; அதைச் சேர்த்ததும் படகு சரியாக ஓடியது. மற்றதில் அதைச் சொல்ல மறந்துவிட்டார். அங்கே ஹெனிங் என்ற முகம் தெரியாத டென்மார்க்காரர் நிரல் முழுவதையும் திருத்தி, அலைகளும் சேர்த்து இப்போது அனுப்பியிருக்கிறார். "காலைல உக்காந்தவன், இப்பதான் எழுந்திரிக்கிறேன். ஓடுதான்னு மட்டும் சொல்லுங்க." தூர்லைஃப் அதை இரண்டு முறை படிக்கிறார். பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தன் நிரலை அழிக்கிறார். ஹெனிங்குடையதை அந்த இடத்தில் ஒட்டி ஓடவிடுகிறார். அலைகளின் மேல் படகு சுத்தமாக நகர்கிறது. "ஓடுதுங்க. ரொம்ப நன்றி" என்று தட்டி அனுப்புகிறார். இப்போது அது பொய்யில்லை. காப்பியோடு வந்த மனைவி குன்வோர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படிக்கிறாள். "காலைலயே ஓடுன படகுக்கு இப்ப எதுக்குங்க நன்றி?"