கையெழுத்துப் போட வந்தவர்

“கார்டு ரொம்ப நல்லா இருக்கு சார். அடையாள அட்டை எங்க?” என்று கேட்டார் சீனிவாசகம்.

விருதுநகர் ஸ்டேஷனில் அந்த ரயில் நிற்பதே ரெண்டு நிமிஷம். அவர் பெட்டி வாசலில் நின்றார். நான் பிளாட்பாரத்தில் நின்றேன்.

நான் ஞானசீலன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மிச்ச நேரத்தில் உலகத்துக்குச் சேவை செய்கிறவன். அதாவது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்கிற லினக்ஸில், தமிழ் டைப் அடிக்க உதவும் ஒரு குட்டி மென்பொருளைப் பிழை திருத்திப் பராமரிக்கிறேன். சம்பளம் கிடையாது. நன்றி சொல்ல ஆளும் அநேகமாகக் கிடையாது.

அந்தத் தன்னார்வக் குழுவில் நான் இன்னும் முழு உறுப்பினர் இல்லை. திருத்தியதை வெளியிட ஒவ்வொரு தடவையும் யாராவது உறுப்பினரின் கையைக் காலைப் பிடிக்க வேண்டும். நானும் உறுப்பினராக ஒரே ஒரு சடங்குதான் பாக்கி. ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் என்னை நேரில் பார்த்து, சர்க்கார் அடையாள அட்டையைச் சரிபார்த்து, ‘இந்தச் சாவி எண் இந்த ஆளுடையதுதான்’ என்று கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போட வேண்டும். சாவி எண் என்றால், நான் அனுப்புகிற திருத்தம் என்னுடையதுதான் என்று காட்டுகிற என் கம்ப்யூட்டர் முத்திரையின் எண்.

நம் பக்கம் அப்படி ஒரு ஆள் வருவதற்கே வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தேன். சென்னையிலிருந்து திருநெல்வேலி போகும் சீனிவாசகம், வழியில் பார்க்கலாம் என்று மெயில் அனுப்பியிருந்தார்.

அவருக்காகப் புதுச் சட்டை. எண்ணெய் புரோட்டா பார்சல். சாவி எண்ணைத் தங்க எழுத்தில் போட்டு, சிவகாசியில் அச்சடித்த விசிட்டிங் கார்டு. ஆயிரத்துக்குக் குறைந்து ஆர்டர் எடுக்க மாட்டோம் என்றதால் ஆயிரம் கார்டு. எல்லாம் இருந்தது. அடையாள அட்டை வீட்டில் இருந்தது.

“அதான் கார்டுல பேரு, அட்ரஸ் எல்லாம் இருக்கே தம்பி!” என்றேன்.

“சிவகாசியில எந்தப் பேரைக் குடுத்தாலும் அடிச்சுக் குடுப்பாங்களே சார்.”

பக்கத்தில் டீ விற்றுக்கொண்டிருந்த ஒச்சப்பன் எனக்காகக் கச்சை கட்டினார். “எங்க சாரை எனக்குப் பத்து வருசமாத் தெரியும் தம்பி. சும்மா போட்டு விடுங்க.”

“உங்களுக்கு அவரைத் தெரியும்ணே. எனக்கு உங்களைத் தெரியாதே.”

ரயில் நகர்ந்தது. புரோட்டாவும் கார்டும் அவரோடு போயின.

வீட்டுக்கு வந்து குதித்தேன். என் மனைவி ஜாஸ்பின் நர்ஸ். டூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

“அட்டை டி.வி. மேலயே கெடக்கு. அதை விட்டுட்டுப் போனது நீங்க. அவரை எதுக்கு வையிறீக?” என்றாள்.

“மனுசனை நம்பாதவன்லாம் ஒரு மனுசனா? ஊரே சாட்சி சொல்லுது, அம்புட்டுத் திமிரு!”

கம்ப்யூட்டரைப் போட்டேன். குழுவில் இருக்கிற ஆயிரம் பேருக்கும் போகிற மாதிரி ஒரு மெயில் எழுதினேன். சீனிவாசகம் ஈவு இரக்கமில்லாதவர், சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர், இப்படிப்பட்டவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வசவு அத்தனையும் அதில் இருந்தது. என்றைக்கும் பாதியில் அறுந்துபோகும் போன் வழி இன்டர்நெட், அன்றைக்கு ஒரே அழுத்தில் மெயிலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஒரு தம்ளர் காபி குடித்து ஆறியிருப்பேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

சீனிவாசகம்! தோளில் பை, சட்டையெல்லாம் வேர்வை.

“சாத்தூர்ல இறங்கி பஸ் புடிச்சு வந்தேன் சார். ரூலை விட முடியாது. ரயிலை விடலாம்ல?”

உள்ளே கூப்பிட்டு அட்டையைக் கொடுத்தேன். அதிலிருக்கும் படத்தில் நான் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருப்பேன். அவர் என் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் விசிட்டிங் கார்டை எடுத்துப் பேனாவால் ஒரு டிக் போட்டார்.

“சரியா இருக்கு சார். ஊருக்குப் போனதும் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுதேன்.”

கண் கலங்கிவிட்டது எனக்கு. அந்த மெயிலை எப்படித் திரும்பப் பிடுங்குவது என்று மனசு அடித்துக்கொண்டது.

ஜாஸ்பின் காபியோடு வந்தாள். “அலைஞ்சு வந்திருக்கீக. மெயில் கியில் பாக்கணும்னா இங்கனயே பாருங்க தம்பி.”

“கனெக்‌ஷன் சரியில்ல!” என்று அலறினேன்.

“இப்பத்தான நல்லா போச்சுன்னீக?” என்றாள் அவள், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

சீனிவாசகம் உட்கார்ந்தார். முதல் மெயிலே என்னுடையதுதான். கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார்.

“சார், இது நீங்க எழுதினதுதானா?”

“ஆமா தம்பி.” என்றேன். “நீங்க எனக்குக் கையெழுத்தே போட வேண்டாம். அந்தக் கார்டைக் குடுத்துருங்க.”

கையை நீட்டினேன். அவர் கார்டைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு சிரித்தார்.

“நீங்க ஞானசீலன்தான்னு சொல்லித்தான் சார் நான் கையெழுத்துப் போடுதேன். நல்லவருன்னு சொல்லி இல்லியே.”