இரண்டாவது வரி

"பதினோரு நாள்ல இது நாலாவது தடவை டீச்சர்!"

பால்வாடி ஆயா காளியம்மாள் வெளிச்சுவரைக் காட்டினாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மெஹராஜ் பேகம், குடையை மடக்கிவிட்டுப் பார்த்தாள்.

சுவரில் அவள் நீலத்தில் எழுதியது இரண்டே வரிகள். 'பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள்' என்ற மேல் வரி அப்படியே இருந்தது. 'நிறுத்தினால் பிள்ளை இறந்துவிடும்' என்ற கீழ் வரியின் மேல் மட்டும் சேறு அப்பியிருந்தது.

"எல்லாம் மிராசு ஆளுங்க வேலை" என்றாள் காளியம்மாள். "பால்வாடி நிக்கிற இடம் தன்னோட பட்டான்னு கேஸு போட்டிருக்காருல்ல?"

"அவங்கன்னா ரெண்டு வரியையும்ல அழிச்சிருக்கணும்?"

"நெல்லைத்தான் தலை தட்டி அளப்பாரு. சேத்தையும் அப்படித்தான் அளந்து குடுத்தாரோ என்னமோ."

மெஹராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. மேட்டூர் திறந்து ஆறு நாளாகிவிட்டது. இன்னும் பத்து நாளில் புதுத்தண்ணீர் இந்தக் கடைசி வாய்க்கால்வரை வந்துவிடும். கூடவே பிள்ளைகளுக்குப் பேதியும் வரும். பேதி என்றால் இந்த ஊரில் முதலில் தண்ணீரைத்தான் நிறுத்துவார்கள். குடிக்கக் குடிக்க இன்னும் போகும் என்ற எண்ணம். போன வருஷம் இந்தத் தெருவில் மட்டும் மூன்று பிள்ளைகள் போய்விட்டன. அப்போது அவள் இங்கே வேலைக்கு வந்திருக்கவில்லை.

தாய்மார் கூட்டம் போட்டுச் சொல்லிப் பார்த்தாள். ஏழு பேர் வந்தார்கள். அந்த ஏழு பேர் முன்னால் பேசவே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதனால்தான் சுவரில் எழுதினாள்.

அன்று மதியம், பிள்ளைகள் தூங்கிய பிறகு, சுவரைக் கழுவிவிட்டு ஐந்தாவது தடவையாகக் கீழ் வரியை எழுதினாள். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள்.

சுவருக்கு முன்னால் ஓர் ஆள் குனிந்து நின்றிருந்தார். கை நிறைய அடிபம்புக்கு அடியில் அள்ளிய சேறு. பாதி வரி அதற்குள் மறைந்துவிட்டது.

ஆளைப் பார்த்ததும் மெஹராஜ் அப்படியே நின்றுவிட்டாள். எதிர்வீட்டு ஐயாவு.

"அண்ணே... நீங்களா?"

அவர் ஓடவில்லை. கையை மறைக்கவும் இல்லை.

"பால்வாடிய இடிக்க வந்தப்ப மிராசு ஆளுங்களுக்கு முன்னால சங்கக் கொடியோட போயி நின்னது நீங்கதானே?"

"நாந்தான்."

"இந்தச் சுவருக்குக் கல்லு சுமந்ததும் நீங்கதான்னு ஆயா சொன்னாங்க."

"ஆமா டீச்சரம்மா."

"அப்புறம் ஏண்ணே? புதுத்தண்ணி வரப்போவுது. நாளைக்கு ஒரு புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளுக்கே தெரியாது.

"அதுக்குத்தான் மேல எழுதினதத் தொடாம வச்சிருக்கேன். தண்ணி குடுக்கட்டும். எல்லாரும் குடுக்கட்டும். கீழ உள்ளது மட்டும் வேணாம்."

"ஏன்?"

ஐயாவு தன் வீட்டைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது.

"எம் பொஞ்சாதி ராமாயி அறிவொளி வகுப்புக்குப் போறா. இப்ப எழுத்துக்கூட்டிப் படிக்கிறா. பஸ் போர்டு, சோப்பு உறைன்னு ஒண்ணையும் விடறதில்ல. கதவத் தொறந்தா எதுத்தாப்ல இந்தச் சுவருதான். முந்தாநாளு மேல் வரிய முழுசாப் படிச்சுட்டா."

"நல்லதுதானே?"

"'நிறுத்துனா என்ன ஆவுமாம்?'னு என்னைக் கேட்டா."

மெஹராஜுக்குப் பால்வாடிப் பதிவேடு நினைவுக்கு வந்தது. வேறொருவர் கையெழுத்தில் மூன்று பெயர்கள், மூன்றின் மேலும் சிவப்புக் கோடு. அதில் நடுப்பெயர் செல்லதுரை, வயது இரண்டு, தந்தை ஐயாவு.

"நீங்க என்ன சொன்னீங்க?" இப்போது அவள் குரல் இறங்கியிருந்தது.

"கவர்மெண்டுல எதையாவது எழுதுவாங்கன்னு சொல்லிட்டு வயலுக்குப் போயிட்டேன்."

இவ்வளவு நேரம் சத்தம் போட்டதற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. பதிவேட்டில் எத்தனையோ தடவை அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவைகூட எதிர்வீட்டுக்குப் போய் ராமாயியைப் பார்க்கத் தோன்றவில்லை.

"அண்ணே, ராமாயி அக்கா வேணும்னேவா செஞ்சாங்க? இங்க எல்லாத் தாயும் செய்யறதுதான். யாரும் எடுத்துச் சொல்லல. நாங்கதான் சொல்லியிருக்கணும்."

அவர் மறுபடியும் தன் வீட்டுக் கதவைப் பார்த்தார்.

"நானே வீட்டுக்கு வர்றேன். பக்கத்துல உக்காந்து பக்குவமாச் சொல்றேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்றேன். சரியா?"

"அவ மேல தப்பில்லதான்" என்றார் ஐயாவு.

எதிர்வீட்டில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அவர் அவசரமாகச் சுவர்ப்பக்கம் திரும்பி, மிச்சம் தெரிந்த எழுத்துகளின் மேல் இரண்டு கைகளாலும் சேற்றை இழுத்துப் பூசினார். பிறகு, அவளைப் பார்க்காமலே சொன்னார்:

"புள்ள தண்ணி தண்ணின்னு கேட்டுச்சு டீச்சரம்மா. அவ மூணு தடவ டம்ளர எடுத்துக்கிட்டு வந்தா. மூணு தடவையும் தட்டி விட்டது நான்."