முந்நூற்றுப் பதிமூன்றாவது கடலை

“இன்னிக்கும் நிக்கறார் பாரு அந்த அங்கிள்!” ஷ்யாமளா காரை ஓட்டிக்கொண்டே போனில் புலம்பினாள். “க்ராஸ் பண்றார், திரும்பி வர்றார், மறுபடி க்ராஸ் பண்றார். சிக்னல் என்ன கோயில் பிராகாரமா?”

“டப்பாவுல கொண்டைக்கடலை வேற போட்டு எண்ணறாராம்,” என்றாள் தோழி மாளவிகா. “நூத்தியெட்டு சுத்தா இருக்கும். பையனுக்கு கிரீன் கார்டு வரணும்னு வேண்டுதல் போல.”

“அதுக்கு வேற இடமே கிடைக்கலையா? அமெரிக்காவுல நடுரோட்ல நம்ம மானத்தை வாங்கறார்.”

ஷ்யாமளாவுக்குத் தலைக்கு மேல் வேலை. அந்தச் சந்திப்பில் சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும், நடப்பவர்களுக்கு விளக்கு இன்னும் கொஞ்சம் நேரம் எரிய வேண்டும் என்று வீடு வீடாக ஏறி இருநூறு கையெழுத்து வாங்கியிருந்தாள். மகள் விஷாகா அடுத்த மாதம் மிடில் ஸ்கூல். சைக்கிளில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நாளை மாலை நகர மன்றக் கூட்டம்.

“ஃப்ளையர் பிரிண்ட் பண்ணணும், லேட் ஆயிடுச்சு, வெச்சுடறேன்,” என்றபடி வண்டியை வலப்பக்கம் ஒடித்தாள்.

மறுநாள் கூட்டத்தில் என்ஜினீயர் வரைபடத்தை விரித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இங்கே ஒரு விபத்துகூடப் பதிவாகவில்லை. ஆபத்து என்பதற்கு என்ன ஆதாரம்?”

ஷ்யாமளா கையெழுத்துக் கட்டை அவர் முன்னால் வைத்தாள். யாராவது அடிபட்டால்தான் ஆதாரமா?

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பார்த்தால், சிக்னல் அங்கிள்! மங்கி குல்லா, ஸ்வெட்டர், கையில் அதே டப்பா. வேண்டுதலை இங்கேயும் ஆரம்பித்துவிடுவாரோ என்று அவளுக்குப் பகீரென்றது.

“என் பேரு கிட்டுசாமிங்க. கோபிச்செட்டிபாளையம். பையன் வூட்டுக்கு வந்திருக்கறனுங்க. எனக்கு இங்கிலீசு அவ்வளவா வராது. அம்மணி, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லிப்போடுங்க.”

வேறு வழியில்லாமல் ஷ்யாமளா எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

கிட்டுசாமி அவளோடு முன்னால் வந்து டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தார். கடலை கலகலவென்று உருண்டோடியது.

“நடக்கற விளக்கு எரிஞ்சு, நான் ரோட்டுல கால் வெச்ச பொறவும், நிக்காம முன்னால திரும்புன ஒவ்வொரு காருக்கும் ஒரு கடலைங்க. நாப்பது நாள். முந்நூத்திப் பன்னெண்டு.”

ஷ்யாமளா கணீரென்று மொழிபெயர்த்தாள். வேகத்தில், “இப்படி ஓட்டறவங்களுக்கு மனசாட்சியே கிடையாது!” என்று ஆங்கிலத்தில் சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொண்டாள்.

என்ஜினீயர் ஒரு கடலையை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தார்.

அரைமணியில் வாக்கெடுப்பு. சைக்கிள் பாதை, அகலமான நடைபாதை, நீண்ட நேரம் எரியும் விளக்கு, எல்லாமே பாஸ்! கூட வந்திருந்த விஷாகா “யெஸ்!” என்று துள்ளினாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

“உங்களைப் போய் என்னென்னமோ நினைச்சுட்டேன் அங்கிள், சாரி.” ஷ்யாமளாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

“அட, அதனால என்னங்க! நாளைக்கு இத்தனையும் சுண்டலுங்க. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துருங்க.”

சொல்லிவிட்டு, சட்டைப் பையில் தனியாகக் கிடந்த ஒரு கடலையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“நேத்துக் காலையில, உங்க நீலக் காரு. போன் பேசிக்கிட்டே திரும்புனீங்க. இதை மட்டும் டப்பாவுல போட மனசு வரலைங்க அம்மணி.”