எதிர் வீட்டுத் தேங்காய்ப்பால்

ஆறு மாதம் முடிந்ததும் பிள்ளைக்குத் தேங்காய்ப்பால் கொடுத்துப் பார்த்தாள் சுகிர்தா. முதல் கரண்டியையே துப்பிவிட்டான். தண்ணீர் விட்டு நீர்க்கக் கொடுத்தாள். துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். வாயையே திறக்கவில்லை. அவன் எடையும் ஏறாமல் நின்றது. எதிர் வீட்டு ஜெபசெல்விதான், "நான் பிழிஞ்சு தாரேன், குடிக்கானான்னு பாரு" என்று ஒரு கிண்ணத்தை மூடிக் கொண்டுவந்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான். அன்று முதல் தினமும் பத்து மணிக்குக் கிண்ணம் வந்தது. தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். ஒரே மாதத்தில் பிள்ளைக்குக் கன்னம் உப்பிவிட்டது.

பக்குவம் கேட்டுக்கொள்ளலாமென்று ஒருநாள், அவன் தூங்கும் நேரத்தில் சுகிர்தா எதிர் வீட்டுக்குப் போனாள். அடுக்களையில் ஒரு தேங்காய்கூட இல்லை. சுவரில் மாட்டியிருந்த துருவியின் பல்லில் சிலந்தி வலை பின்னியிருந்தது. ஏழு மாதத்துக்கு முன், பிறந்த மூன்றாம் நாளே ஜெபசெல்வியின் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தது சுகிர்தாவுக்கு நினைவு வந்தது.

"தேங்கா எங்க வாங்குதீங்கக்கா?" என்று கேட்டாள். வேறு எதைக் கேட்பதென்று தெரியவில்லை.

ஜெபசெல்வி எதையோ உற்றுக் கேட்பவள் போல நின்றாள். அவளுடைய ரவிக்கையின் முன்பக்கம் மெல்ல நனைந்துகொண்டு வந்தது.

"முழிச்சிட்டான்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் பிள்ளையின் அழுகை கேட்டது. சுகிர்தா திரும்புவதற்குள் ஜெபசெல்வி வாசலைத் தாண்டியிருந்தாள். கையில் கிண்ணம் இல்லை.