ஆறு துளை, ஆறும் உப்புத்தண்ணி

"வேலை கேட்டுப் போறவ இந்த ஆறு ரிப்போர்ட்டையுமா ஃபைல்ல மேலேயே வைப்பா?" கணவன் தலையில் அடித்துக்கொண்டான்.

அவள் புவி இயற்பியலாளர். பூமிக்குள் அதிர்வை அனுப்பி, எங்கே எண்ணெய் கிடைக்கும் என்று கணித்துச் சொல்பவள். அவள் கைகாட்டிய ஆறு இடத்திலும் துளை போட்டவன் அவன்தான். ஆறிலும் வந்தது உப்புத்தண்ணீர். கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது.

"கை காப்புக் காய்ச்சதுதான் மிச்சம். உப்பளம் வெச்சிருந்தாலாவது பொழைச்சிருப்போம்."

"நீங்க ஒழுங்கா துளை போடல."

"ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்! அதையெல்லாம் எடுத்துடு. இந்த வேலையும் கைநழுவிடும்."

அவள் எதையும் எடுக்காமல் கிளம்பினாள். மதியம் வேலையோடு திரும்பினாள்.

"எப்படிடி? ரிப்போர்ட்டைக் காட்டலையா?"

"அதைத்தான் வரி வரியாப் படிச்சாங்க. ஆலைப் புகையில இருக்கிற கரியமில வாயுவைப் பிடிச்சு, மண்ணுக்கு அடியில அடைச்சு வைக்கிற ஆராய்ச்சிங்க அது. கீழே உப்புத்தண்ணி ஊறின பாறை வேணும், மேலே கசியாத பாறை மூடியிருக்கணும். ஒண்ணு தேடி அலையறோம், ஆறு வெச்சிருக்கீங்களேன்னு எழுந்து நின்னுட்டாங்க."

அவன் ஃபைலை வாங்கி ஆறு ரிப்போர்ட்டையும் புரட்டினான்.

"இன்னும் நாலு இடம் காட்டணும். துளை போட உங்க பேரைத்தான் சொல்லிட்டு வந்திருக்கேன். பாத்துப் போடுங்க. எண்ணெய் கிண்ணெய் வந்து தொலைச்சா என் வேலை போயிடும்."