சுத்த சைவ மளிகை

“ஏளா, மூக்கைப் பொத்திக்கோ! மூச்சு விடாதே!”

காந்திமதிநாதன் பிள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் சந்தையிலிருந்து பின்வாங்கினார். காய்கறிக்குப் போகும் வழியெங்கும் மீன் கூடைகள். மீன்காரர் ஒருவர் நறுக்கிய மீன் தலை அவர் காலடியில் வந்து விழுந்தது.

“காய்க்கடை அந்தக் கடைசியிலதான் இருக்கு பெரியப்பா. ரெண்டே நிமிஷம்…”

“அந்தக் காய் மேலயும் இந்தத் தண்ணிதான் தெறிச்சிருக்கும். வெளிய நட.”

தம்பி மகள் தீப்தி எதிர்த்துப் பேசவில்லை. பேசினால் போவது எம்.எஸ்ஸி. படிப்பு. திருநெல்வேலியில் கிளம்பும்போதே அவர் சொல்லிவிட்டார். சுத்த சைவ அடுப்பு கிடைத்தால் கொல்கத்தாவில் படிக்கலாம். கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அவரோடு ஊர் திரும்ப வேண்டும். அவள் பெயருக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்.

கல்லூரி விடுதியின் சமையலறையை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அடுத்து நான்கு வீடுகளை வாசலில் நின்று முகர்ந்தே தள்ளிவிட்டார். ஐந்தாவதாகத்தான் நேற்று சன்யால் மாசிமாவின் வீடு அமைந்தது. அந்தத் தெருவே மாசிமா, அதாவது சித்தி, என்று அழைக்கும் அந்த அம்மாள் வெள்ளைப் புடவைக்காரி, மீன் தொடாத விதவை, வயது எழுபதுக்கு மேல். மாடியறையைத் தரச் சம்மதித்தவள், அடுப்படியைப் பகிர்வதற்கு மட்டும் தயங்கினாள்.

“ஏழு தலைமுறையா மீன் முள்ளு படாத குடும்பம்னு சொல்லு அவகிட்ட” என்று பெரியப்பா நெஞ்சை நிமிர்த்தினார். தீப்தி தன் அரைகுறை இந்தியில் சொன்னாள். மாசிமாவின் முகம் மலர்ந்தது. நாளைக்கு மளிகைச் சாமானோடு வா, சாவி தருகிறேன் என்றாள்.

திரும்பி வரும் வழியிலேயே பெரியப்பா உதட்டைச் சுழித்தார். “மீன் திங்கிற ஊர்ல பொறந்துட்டு இவ என்னத்த சைவம்! எதுக்கும் அந்த அடுப்பைப் புளி போட்டுத் தேச்சுட்டே பத்த வை.”

இப்போது சந்தையை விட்டு வந்தவர், எதிரே இருந்த ஏ.சி. கடைக்குள் நுழைந்தார். நுழைந்த வேகத்தில் வெளியே வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் தயிர் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் தோலுரித்த கோழி படுத்திருந்தது.

“தயிரும் கோழியும் ஒரே பாயில படுத்துக் கெடக்கு! இது கடையா, சவக்கிடங்கா?”

“வேண்டாம் பெரியப்பா. போன்ல ஆர்டர் பண்ணினா பத்து நிமிஷத்துல வீட்டுக்கே வந்துரும்.”

“கொண்டு வாரவன் பையில நமக்கு முன்னால என்ன இருந்துச்சுன்னு உன் போனு சொல்லுமா?”

தீப்தி போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தெருமுனையில் ஒரு சின்ன மளிகைக் கடை இருந்தது. பெரியப்பா கல்லாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். குனிந்து பலகைக்கு அடியிலும் பார்த்தார். முட்டை இல்லை, கருவாடு இல்லை. சாக்குகளும் ஊதுபத்தி மணமும்தான்.

“இதாம்ளா கடை. இனிமே இங்கன மட்டும்தான் வாங்கணும், கேட்டியா? நம்ம குடும்பப் பேரு இதுலதான் நிக்கும்.”

சீக்கிரம் வெந்துவிடும், காலையில் கல்லூரிக்கு ஓடத் தோது என்று தீப்தி மைசூர் பருப்பைக் கேட்டாள். கடைக்காரர் சாக்கில் கரண்டியை விட்டுக்கொண்டே எந்த வீட்டுக்கு என்று விசாரித்தார். சன்யால் மாசிமா என்றதும் கரண்டியை வெளியே எடுத்துவிட்டுப் பாசிப்பருப்புச் சாக்கைப் பிரித்தார்.

“என்னவாம் இவனுக்கு?”

“அந்த வீட்டுக்குன்னா பாசிப்பருப்புதான் எடுத்துட்டுப் போகணுமாம் பெரியப்பா.”

“விலை கூடினதைத் தலையில கட்டப் பாக்கான். வெளியூர்க்காரன்னா இளப்பம்! கேட்டதைக் குடுக்கச் சொல்லு. வெங்காயம் ரெண்டு கிலோ போடச் சொல்லு. பூண்டு நல்ல பல்லாப் பாத்து நீயே பொறுக்கு, செமிக்கணும்லா.”

கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுக் கேட்டதை நிறுத்துக் கொடுத்தார்.

மாசிமா கதவைத் திறந்தபோதே சிரித்த முகம். புடவைத் தலைப்பில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக்கொண்டே உள்ளே வரச் சொன்னாள். பெரியப்பா அரிசிப் பை, பருப்பு, வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் நிலைப்படியில் வரிசையாக வைத்தார். சீர் வைப்பவரைப் போல ஒரு நிமிர்வு.

மாசிமாவின் பார்வை வெங்காயத்தில் நின்றது. பூண்டுக்குப் போனது. சிவந்த பருப்பில் வந்து நின்றபோது முகத்தில் சிரிப்பு இல்லை. ஓரடி பின்னால் நகர்ந்து, அவிழ்த்த சாவியை மறுபடி தலைப்பில் முடிந்தாள். தீப்தியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். தீப்தி கைகூப்பி இரண்டு முறை கெஞ்சியும் கதவு சாத்தப்பட்டது.

பெரியப்பாவுக்கு முகம் சிவந்தது. “என்ன திமிரு! யாரு மூஞ்சியில கதவை அடைக்கா? மூணு கடை ஏறி எறங்கி வாங்கின சுத்தமான சாமானுன்னு சொன்னியா இல்லியா?”

“சொன்னேன் பெரியப்பா. மைசூர் பருப்பு, வெங்காயம், பூண்டு… அவங்களுக்கு மூணுமே மீனுக்குச் சமம்தானாம்.”

“அதுக்கு?”

தீப்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நம்மள மாதிரி அசைவக் குடும்பத்துக்கு அடுப்பைத் தர மாட்டாங்களாம்.”